குறுவையின் குறுமை

தஞ்சைப் பக்கத்து உழவர் ஒருவரிடம் புதிதாக வந்திருக்கும் நெல் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். மாவுக்கு எத்தனை மூட்டை காணும் என்று கேட்பதற்கு முன்பே, சோறு உதிருமா குழையுமா என்று கேட்பதற்கும் முன்பே, "அது எத்தன நாள் நெல்லு?" என்பார். நூற்றுப்பத்து என்றால் தலையை ஒரு விதமாக அசைப்பார். நூற்றைம்பது என்றால் வேறு விதமாக. ஆளின் அகவையைக் கேட்பதுபோல் நெல்லின் நாளைக் கேட்கும் இந்த வழக்கம் நம் நெற்பெயர்கள் பலவற்றின் அடியில் புதைந்து கிடக்கிறது. ஒரு பெயரில் மட்டும் தோண்டவே வேண்டாம், மேலேயே கிடக்கிறது. அந்தப் பெயர் குறுவை.

முதலில் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வல்லின றகரம் நாவின் நுனியைச் சற்றே மடக்கித் தட்டுகிறது. உடனே வகரம் வந்து இதழைத் தொட்டு ஐகாரத்தில் நெகிழ்ந்து விடுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது இந்த றகரம் தொலைந்துபோய், ஆசிரியரையும் கனத்தையும் குறிக்கும் 'குரு'வோடு கலந்துவிடுகிறது. செய்தித்தாளில் 'குருவை' என்று அச்சாகியிருந்தால் எனக்குச் சோற்றில் கல் கடித்தது போலிருக்கும். றகரத்தில்தான் பொருளே இருக்கிறது. குறு என்னும் அடி தமிழில் பெரிய குடும்பம் வளர்த்த அடி: குறுகு, குறை, குறள், குறளன், குறில், குறுநகை, குறும்பாட்டு என்று நீளும் அந்த வரிசையில் (குறுமையைச் சொல்ல வந்த சொற்களின் வரிசை நீளமாயிருப்பது ஒரு வேடிக்கை) நெல்லோடு உறவாடும் சொற்களே சில உண்டு. உடைந்த அரிசி குறுணை. குறுநொய் என்றும் சொல்வோம். நெல் அளக்கும் மரக்கால் குறுணி. பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலம். ஆகக் களத்திலும் உலையிலும் புழங்கிய ஓர் அடி வயலிலும் ஒரு பெயரை ஈன்றதில் வியப்பில்லை.

பின்னால் நிற்கும் 'வை'யைப் பற்றி இரண்டு விதமாக நினைக்கலாம். பார்வை, போர்வை, கோவை, பறவை என்பவற்றில் வருவது போன்ற பெயராக்க ஈறு அது என்று கொள்வது நேர்வழி. குறுமையை உடையது குறுவை. மற்றொரு வழியும் உண்டு. வை என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கே நெல்லின் தாள் என்று பொருள் உண்டு. வைக்கோல் என்ற சொல்லின் முன்பாதி அதுதான். அப்படியானால் குறுவை என்பது குட்டைத் தாள் உடைய நெல் ஆகும். நாள் குறைந்த பயிர் பெரும்பாலும் உயரமும் குறைந்துதான் நிற்கும் என்பதால் இந்த விளக்கம் வயலுக்கும் பொருந்தி நம்மை மயக்குகிறது. நான் முதல் வழியையே நம்புகிறேன். அடி தனியே நின்று பொருள் தரும்போது ஈற்றிலும் ஒரு பொருளைத் தேடிச் செருகுவது சொல்லாராய்ச்சியில் இனிய குற்றம், ஆனாலும் குற்றம். இருந்தும் அந்த வைக்கோலை எறிந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, குறுவையில் குறுகியது எது? மணியா, தாளா, வாழ்நாளா? அகராதிகள் ஐயமின்றி வாழ்நாளைக் காட்டுகின்றன. உழவரும் அப்படியே. விதைத்து மூன்று, மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வருவது குறுவை. அறுபதாம் குறுவை என்ற பழைய நெல் தன் நாளை எண்ணாகவே நெற்றியில் எழுதிக்கொண்டது. பெயர் வைத்தவர் கொஞ்சம் அவசரக்காரராக இருந்திருக்க வேண்டும். நெற்பயிர் கருக்கொண்டதிலிருந்து பூக்க ஏறத்தாழ முப்பத்தைந்து நாள், பூத்ததிலிருந்து முற்ற முப்பது நாள்; வெப்ப நாடுகளில் எந்த நெல்லுக்கும் இந்த இரண்டும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் அதற்கு முன்னால் உள்ள இளமை: நாற்றாக நின்று, தூர் கட்டி, தழைத்து நிற்கும் காலம். குறுவைக்கு அந்த இளமைதான் குறுகியது. பள்ளிக்கூடம் முடிந்ததும் குடும்பப் பொறுப்பில் இறங்கிவிட்ட பிள்ளையைப் போல.

இனி எனக்கு நெடுநாளாக உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் குறுமையைத் தனியே விடுகிற மொழியன்று. குறில் என்றால் நெடில் உண்டு. குறுந்தொகைக்கு நெடுந்தொகை உண்டு; அகநானூற்றுக்கு அதுவே மறுபெயர். குறுவெண்பாட்டுக்கு நெடுவெண்பாட்டு உண்டு. குட்டைக்கு நெட்டை தெருவிலேயே கிடைக்கும். ஆனால் குறுவைக்கு எதிரே நெடுவை என்றொரு நெல் இல்லை. ஐந்து மாதமும் ஆறு மாதமும் வயலில் நிற்கும் நெல்லை நம்மவர் நெடுவை என்று அழைக்கவே இல்லை, சம்பா என்றார்கள். இணையைத் தேடி இணைக்கும் இந்த மொழி இங்கே மட்டும் ஏன் கையை மடக்கிக்கொண்டது?

சம்பாவை வயலில் பார்த்தால் விடை தெரியும். பழைய சம்பா நெல்லுக்கு இத்தனை நாள் என்று நிலையான வாழ்நாள் கிடையாது. ஆடியில் விதைத்தாலும் கார்த்திகையில்தான் பூக்கும். ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய அதே கார்த்திகையில் பூக்கும். ஒரு மாதம் பிந்தி விதைத்தவர் ஒரு மாதம் பிந்தி அறுப்பதில்லை. முந்தி விதைத்தவரோடு சில நாள் முன்பின்னாகத் தையில் களத்தில் வந்து நிற்பார். சித்திரையிலேயே யாரேனும் விதைத்துவிட்டால் அது ஐப்பசி வரும்வரை தழைத்துக்கொண்டே நிற்கும். நீளமாக வாழ்வது அதன் இயல்பன்று, காத்திருப்பது இயல்பு. காத்திருப்பவனுக்கு நெட்டை என்று பெயர் வைப்பார்களா? குறுவை தன் நாளை எண்ணுகிற நெல். சம்பா தன் நாளை எதிர்பார்க்கிற நெல். இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல என்பதை நம் பெயர்கள் அறிந்திருந்தன.

எதை எதிர்பார்க்கிறது? வானத்தை. தஞ்சாவூரில் ஆனி மாதத்தின் நெடிய பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான்; நம் பழைய கணக்கில் சுமார் மூன்று நாழிகை. நமக்கு அது மாலை விளக்கைச் சற்று முன்னே ஏற்றும் வேலை, அவ்வளவே. நெல் அந்த மூன்று நாழிகைக்குள் ஆண்டு முழுவதையும் வாசித்துவிடுகிறது. இலை ஒளியை உணர்கிறது; இரவு போதிய அளவு நீண்டதும் பூக்கச்சொல்லும் செய்திப் புரதம் இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குப் போய்ச் சேர்கிறது; அதுவரை இலையாக மட்டுமே விட்டுக்கொண்டிருந்த நுனி கதிராக மாறுகிறது. மலாக்காவில் பகல் வேறுபாடு ஆண்டு முழுவதும் சேர்த்தே பதினான்கு நிமிடம், ஒரு நாழிகைகூட இல்லை. அங்கே சயாம் 29 என்ற நெல்லைச் சனவரியில் நட்டபோது 329 நாளும் செப்டம்பரில் நட்டபோது 161 நாளும் எடுத்துக்கொண்டது என்று 1959இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விதை ஒன்று, மண் ஒன்று. வாழ்நாளில் பாதிக்குப் பாதி வேறுபாடு.

இவ்வளவு நேரம் கதிர் என்ற சொல்லை நான் எத்தனை முறை பயன்படுத்தாமல் தவிர்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றின் ஒளிக்கற்றையும் கதிர், நெல்லின் மணிக்கொத்தும் கதிர். நடுவிலிருந்து புறப்பட்டுப் பரந்து நிற்கும் வடிவம் பற்றி இரண்டுக்கும் ஒரு சொல் அமைந்தது. ஆனால் அந்தக் கதிரின் அளவு பார்த்து இந்தக் கதிர் வெளிவருகிறது என்பதை அறிந்தபின் அச்சொல்லை முன்போல் ஒலிக்க முடிவதில்லை.

தாவரம் பகலின் நீளத்தை அளந்து பூக்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்கள் கார்னரும் அல்லார்டும் 1920இல் புகையிலை, சோயாச் செடிகளை வைத்து நிறுவினார்கள். நம் பாடநூல்கள் அதற்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர் சூட்டின. பகல் குறுகினால் பூப்பவற்றைக் குறும்பகல் தாவரங்கள் என்றன, நெல் அவ்வகை. இங்கேதான் மொழி நம்மோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. குறும்பகல் தாவரம் என்ற இலக்கணம் முழுமையாகப் பொருந்துவது சம்பாவுக்கு. குறுவைக்கு அது மிகக் குறைவாகவே பொருந்தும், ஏனெனில் குறுவைக்கு வானத்தைப் பற்றிக் கவலை இல்லை. குறு என்னும் ஒரே அடி ஒரு பெயரில் பயிரின் அகவையைக் குறுக்குகிறது, மற்றொன்றில் பகலைக் குறுக்குகிறது. மாணவர் குழம்பினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதோடு முடியவில்லை. உண்மையில் செடி அளப்பது பகலையே அன்று, இரவை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் பூக்க வேண்டிய செடி பூக்காமல் நின்றுவிடும் என்பது 1938இல் வேறொரு செடியில் காட்டப்பட்டது. நெல்லும் அதற்கு விலக்கன்று. தெருவிளக்கின் வட்டத்துக்குள் அகப்பட்ட பயிர், வயலின் மற்றப் பகுதியெல்லாம் கதிர் வாங்கிய பிறகும் பச்சையாக நிற்பது உண்டு. பகல் என்ற சொல்லின் வேர் பகு; பகுத்து நிற்பது பகல். நடு என்ற பொருளும் அதற்குப் பழமையானது. நுகத்தடியின் நடுவில் நிற்பதால்தான் அந்த ஆணி பகலாணி. இரண்டு இருளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பகுப்பது பகல் என்று பார்த்தால், சொல் இருளைத்தான் முதற்பொருளாகவும் பகலை இடைவெட்டாகவும் காண்கிறது. நெல்லும் அப்படித்தான் காண்கிறது.

இப்போது சம்பா என்ற பெயருக்குத் திரும்புவோம். குறுவை தன் பிறப்பை ஒளிக்கவில்லை, சம்பா ஒளித்துக்கொண்டது. மணமும் பொன்னிறமும் பற்றிச் சண்பகத்தோடு சேர்ப்பாரும் உண்டு. கடல் கடந்து, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டோடு சேர்ப்பாரும் உண்டு. இரண்டாவது கதை கேட்க மிக அழகானது. சோழர் கடலோடிய காலத்தையும் உடன் இழுத்துவந்து நிறுத்தும். அந்த நாட்டு நெல் வரலாற்றில் புகழ் பெற்றதும் மெய்யே. 1012இல் சீனப் பேரரசர் சென்சோங், யாங்சி ஆற்றுப் பகுதியில் வறட்சி கண்டபோது பூசியான் கடற்கரையிலிருந்து சம்பா நாட்டு நெல்விதையை வரவழைத்து உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்தார். சீனத்தின் பயிர்முறையையே மாற்றிய விதை அது. ஆனால் அந்த நெல்லின் சிறப்பு என்ன தெரியுமா? வறட்சி தாங்குவது, விரைந்து விளைவது. அதாவது அது நம் கணக்கில் ஒரு குறுவை. விரைவுக்குப் பேர்போன நெல்லின் நாட்டுப் பெயரைப் பொறுமைக்குப் பேர்போன நெல்லுக்கு நம்மவர் சூட்டினார்கள் என்றால் நம்புவது கடினம். ஒலி ஒத்தது, குணம் நேர் எதிர். பெயராய்வில் செவியை மட்டும் நம்பினால் இப்படித்தான் கப்பல் தவறான துறையில் ஒதுங்கும்.

பிறப்பு எப்படியாயினும், அந்தச் சொல் வளர்ந்த விதம் கண்முன்னே இருக்கிறது. பருவத்தின் பெயராகவும் அந்தப் பருவத்து நெல்லின் பெயராகவும் வழங்கிய சம்பா, அந்த நெல் உயர்ந்தது என்பதால் உயர்வின் பெயராக ஏறியது. சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, மிளகுச் சம்பா, கருடன் சம்பா என்று அடைமொழிகள் முன்னே வந்து குவிந்தன. பிறகு நெல்லை விட்டே வெளியேறி, சம்பா கோதுமை என்றும் சம்பா மிளகாய் என்றும் கடைத்தெருவில் நடமாடத் தொடங்கியது. தில்லையில் அது கோயில் மடைப்பள்ளியின் சம்பா சாதம். பாக்கு நீரிணையைக் கடந்தால் இன்னொரு மாற்றம்: இலங்கையில் சம்பா என்றால் உருண்டு சிறுத்த மணியுடைய அரிசி, அதற்கு எதிர் நாடு அரிசி, பருவத்தைப் பற்றிய நினைவே அங்கே அச்சொல்லில் இல்லை. காலத்தைக் குறித்தது தரத்தைக் குறித்து, பின் உருவத்தைக் குறித்தது.

நாளை எண்ணும் நெல்லையும் நாளை எதிர்பார்க்கும் நெல்லையும் பெயராலேயே பிரித்த பெருமை நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப்பற்று இங்கே கொஞ்சம் இடம் விட வேண்டும். வங்கத்தில் ஆவுசு, ஆமன், போரோ என்று மூன்று பருவ நெல்கள். ஆவுசு என்பது விரைவு எனப் பொருள்படும் ஆசு என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆமன் ஏமந்தம் என்னும் முன்பனிக் காலப் பெயரிலிருந்து வந்தது. ஆவுசு பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் விரைந்து விளைகிறது. ஆமன் பகல் குறுகக் காத்திருந்து பூக்கிறது. நம்மைப் போலவே ஒன்றுக்கு வேகத்தின் பெயர், மற்றொன்றுக்குப் பருவத்தின் பெயர். அங்கும் மெதுநெல் என்றொரு பெயர் பிறக்கவில்லை.

வடமொழியில் அறுபதாம் குறுவையின் தம்பியும் இருக்கிறான்: சட்டிகம். அறுபது இரவில் விளைவது சட்டிகம் என்று பாணினியின் இலக்கணத்தில் அதற்கென ஒரு விதியே உண்டு. நாள் என்று சொல்லாமல் இரவு என்று எண்ணியது அக்கால வழக்கு. ஆனாலும் முரணைப் பாருங்கள்: இரவை அளந்து பூக்கும் நெல்லுக்கு இரவு பெயரில் வரவில்லை, இரவைப் பற்றிக் கவலையே படாத நெல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மலையாளத்தில் இதே நெல் ஞவர. மருத்துவத்தில் உடம்புக்குத் தேய்க்கப் புகழ்பெற்றது. நம் நவரை அதன் உடன்பிறப்பு. ஞண்டு நண்டானதையும் ஞான் நானானதையும் பார்த்த கண்ணுக்கு ஞவர நவரையானது புதிதன்று. மலையாளம் ஞகரத்தைப் பொத்தி வைத்துக்கொண்டது, நாம் நகரத்துக்கு இறங்கிவிட்டோம். இன்று நவரை என்பது மார்கழி, தையில் தொடங்கும் பருவத்தின் பெயர். விதையின் பெயர் காலத்தின் பெயரானதற்கு இன்னொரு சான்று.

கேரளத்தில் வேறொரு சொல்லும் என்னைக் கவர்ந்தது: கூட்டுமுண்டகன். விரைந்து விளையும் முதற்பருவ நெல்லையும், பனிக்காலத்தில் விளையும் முண்டகன் நெல்லையும் ஒன்றாகக் கலந்து ஒரே வயலில் ஒரே நாளில் விதைத்துவிடுவார்கள். முந்தியது தன் நாள் முடிந்ததும் கதிர் தள்ளி அறுவடையாகிப் போகும். முண்டகன் அப்போதும் இளமையாகவே நின்று, அரிவாள் பட்ட தாளிலிருந்து மீண்டும் தழைத்து, பனிக்காலத்தில் விளையும். தஞ்சை மண்ணிலும் குறுவையோடு ஒட்டடை நெல்லைக் கலந்து விதைத்து இரண்டு அறுவடை கண்டார்கள். ஒன்று எண்ணும், ஒன்று காத்திருக்கும் என்பதை நன்கு அறியாதவர்கள் துணிந்து செய்யக்கூடிய வேலையா இது?

கலந்து விதைக்காதவர்கள் குறுவையை அறுத்துவிட்டு அந்த வயலிலேயே அடுத்த நெல்லை நடுவார்கள். அதற்குப் பெயர் தாளடி. அறுத்த நெல்லின் அடிக்கட்டை தாள். அந்தத் தாளின் அடியில், அதை மடக்கி உழுத சேற்றில் நடுவது தாளடி. தாள் என்றாலும் பாதம், அடி என்றாலும் பாதம். இறைவன் திருவடியைப் பாடும் நாட்டில் இரண்டு பாதங்களை அடுக்கி ஒரு பயிருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், முன்னே போனவரின் அடிச்சுவட்டில் பின்னவர் நிற்பதுபோல. நெல்லையின் கார் வேறு வகை. வைகாசி, ஆனியில் விதைத்து ஆவணி, புரட்டாசியில் அறுப்பது. கார்காலத்தில் களம் சேர்வதால் கார். கருமையைக் குறித்த சொல் முகிலைக் குறித்து, மழைக்காலத்தைக் குறித்து, அப்பருவத்து நெல்லைக் குறித்து, இறுதியில் நகரத்து அரிசிக்கடையில் சிவந்த அரிசியையும் குறித்தது. கருப்பில் தொடங்கிச் சிவப்பில் முடிந்த பயணம். செங்கல்பட்டுப் பக்கத்துச் சொர்ணவாரியில் சொர்ணம் வடசொல், விளைவைக் குறிக்கும் வாரி நம் சொல். பொன்வாரி என்றிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சொல் இந்தப் பெயர்களுள் எதுவுமன்று. இவற்றை எண்ணப் பயன்படும் சொல். ஆண்டுக்கு இருமுறை விளையும் நிலம் இருபூ நிலம். ஒருமுறை விளைந்தால் ஒருபூ. மலையாளத்தார் இன்றும் இருப்பூ என்பார்கள். போகம் என்ற வடசொல் பரவும் முன் நாம் விளைச்சலைப் பூவாக எண்ணினோம். அறுவடையை எண்ணாமல், விதைப்பை எண்ணாமல் பூவை எண்ணியிருக்கிறார்கள். நெல்லுக்குப் பூ உண்டா என்று நகரத்துப் பிள்ளை கேட்கும். அவ்வளவு சிறியது, முற்பகலில் சில மணி நேரம் திறந்து மூடிக்கொள்வது. அந்தச் சிறு திறப்பு மழையில் அகப்பட்டால் பதர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவரும் நேரத்தில் அமைந்தால் நெல். சம்பா பகல் குறுகக் காத்திருப்பது இதற்காகத்தான். மழை முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும், ஆறு எப்போது நிறைந்தாலும், பூக்கும் நாளை மட்டும் அது மழையிடம் விடாமல் ஞாயிற்றிடம் ஒப்படைத்திருக்கிறது. மழை தவறும், பகல் தவறாது.

குறுவையின் கதை பின்னால் வேகம் பிடித்தது. 1934இல் மேட்டூர் அணை வந்து, ஆனித் தண்ணீர் ஓரளவு உறுதியானதும் குறுவையின் பரப்பு விரிந்தது. அணை திறக்கும் சூன் 12 என்ற நாளும் குறுவை என்ற சொல்லும் செய்தியில் இரட்டைப் பிள்ளைகளாயின. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஊரெங்கும் அதைப் பரப்பியது திருச்சி வானொலியின் பண்ணைச் செய்தி. மக்கள் எண்ணை மறந்து ரேடியோ நெல் என்றார்கள். கேட்ட இடத்தையே விதைக்குப் பெயராக்கிய அந்தத் துணிச்சலை எந்தப் புலவரும் விஞ்ச முடியாது. அந்தக் குறுவை நெல்லின் பெற்றோரில் ஒன்று சப்பானின் நோரின் 10, மற்றது கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24, உழவர் வாயில் அதற்குப் பெயர் கிச்சிலிச் சம்பா. ஆகக் குறுவைக்குத் தாய்வீடு சம்பா. அதே கிச்சிலிச் சம்பா பின்னர் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளியான சம்பா மசூரிக்கும் முன்னோர்.

அதே ஆண்டில் கோவையிலிருந்து வெளியான வெள்ளைப் பொன்னிக்கு முன்னோர் தைவானின் தைசுங் 65. அந்தத் தீவின் குறுகிய பகலிலும் நெடிய பகலிலும் ஒன்றுபோல் விளையப் பொறுக்கப்பட்ட வகை. அவ்வகை நெல்களுக்கு 1926இல் தைவானில் சூட்டிய பொதுப்பெயர் பொன்லாய். பொன்லாயின் பேரப்பிள்ளை பொன்னி! இதைக் கண்டறிந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். பொன்லாய் என்பது சீனத் தொன்மத்தில் வரும் ஒரு தீவின் பெயர். பொன்னி நம் காவிரி. இரத்த உறவு உண்டு, பெயருறவு இல்லை. சம்பா நாட்டில் கற்ற பாடத்தை அதற்குள் மறந்திருந்தேன்.

புதிய விதைகளில் பெரும்பாலானவை வானத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பருவத்தில் இட்டாலும், குளிரில் சில நாள் கூடுதலாகவும் வெயிலில் சில நாள் குறைவாகவும் எடுத்துக்கொண்டு, எண்ணி விளைகின்றன. அதனால் பெயர்கள் இடம் மாறின. விதையின் இயல்பைச் சொன்ன குறுவை இப்போது ஆனி முதல் புரட்டாசி வரையிலான ஒரு பருவத்தின் பெயர். பருவத்தின் பெயராயிருந்த சம்பா இப்போது மூட்டையின் மேல் அச்சிட்ட தரத்தின் பெயர். இயல்பைச் சொல்லும் வேலையை எண்கள் ஏற்றுக்கொண்டன, எனவேதான் உழவர் "எத்தன நாள்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு பெயரே சொல்லிவிடும்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் பழைய விதைகள் பல வீடுகளுக்குத் திரும்பின. அப்படி மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்த என் நண்பர் ஒருவர், ஆழ்குழாய்த் தண்ணீர் இருக்கிற தைரியத்தில் சித்திரையிலேயே விதைத்துவிட்டார். ஆவணியில் போய்ப் பார்த்தேன். நெஞ்சளவு பச்சை, காற்று வந்தால் அலையலையாய்ச் சாய்ந்தது. கதிர் மட்டும் இல்லை. வைக்கோலுக்காகவே வளர்த்தது போல நின்றது. அந்த 'வை' எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. "நூத்தி அறுபது நாள்னு சொன்னாங்க, இன்னும் ஒண்ணையும் காணோமே" என்று அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஏன் தம்பி எண்ணிக்கிட்டிருக்கே? இது சம்பால்ல. அதுக்கு இன்னும் நாள் வரல."